ஒரு தடவை மட்டும் போடும் கையுறை

திண்டிவனத்தில் நான் நர்ஸ் பயிற்சிக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியில், முதல் ஆறு மாதம் என்னைக் கையுறைகளோடு உட்கார வைத்திருந்தார்கள். கையுறை என்று அங்கே யாரும் சொல்வதில்லை, கிளவுஸ்தான். ஆபரேஷன் அறையிலிருந்து வாளியில் ரத்தத்தோடு வரும். பச்சைத் தண்ணீரில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி இன்னொரு தடவை கழுவ வேண்டும். பிறகு மணிக்கட்டுப் பக்கத்தை முறுக்கிப் பிடித்து உள்ளே காற்றை அடைத்துக் கன்னத்தருகே கொண்டுபோக வேண்டும். ஓட்டை இருந்தால் நூலிழை மாதிரி காற்று கன்னத்தில் படும். வீணாய்ப் போன கிளவுஸிலிருந்து வட்டமாக ஒரு துண்டு நறுக்கி, சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப் போடுவதைப் போலவே பசை தடவி ஒட்டுவோம். காய்ந்ததும் பவுடர் தூவி, அளவு பார்த்து ஜோடி சேர்த்து, துணியில் சுருட்டி, கிருமி சாக வேக வைக்கும் ஆவி டிரம்முக்குள் அடுக்குவோம்.

ஒட்டே இல்லாதது டாக்டருக்கு. ஓர் ஒட்டு விழுந்தால் பிரசவ வார்டுக்கு. இரண்டு மூன்று ஒட்டு விழுந்தது, புண் கழுவுகிற எங்களுக்கு. அதற்கும் மேலே கிழிந்தது கக்கூஸ் கழுவுகிறவர்களுக்கு என்று சொல்வார்கள். அவர்கள் கையில் அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

கிளவுஸ் அறையில் சிஸ்டர் போட்ட முதல் சட்டம், எண்ணெய் ஆகாது என்பது. சிஸ்டர் என்றால் எங்களுக்கு மேலே இருந்த தலைமை நர்ஸ். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு யாராவது உள்ளே வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார். "எண்ணெய் பட்டா ரப்பர் செத்துடும். போய்ச் சோப்புப் போட்டுக்கினு வா." அந்தச் சட்டத்தை நான் ஒரு தடவைகூட மீறியதில்லை. புதிதாக வந்த பெண்களுக்கு அதை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

எங்கள் வீட்டில் எழுத்தைப் பார்த்துப் படித்த முதல் ஆள் நான். எஸ்.எஸ்.எல்.சி. தேறினேன். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது, அன்றைக்கும் இருந்ததில்லை. மருந்துப் புட்டியில் இருக்கும் இங்கிலீஷை வார்டில் யார் படிக்கச் சொன்னாலும் படிப்பேன், கேட்காவிட்டாலும் படிப்பேன். அப்பா விழுப்புரத்தில் மல்லாட்டை மில்லில், அதாவது வேர்க்கடலை மில்லில், மூட்டை தூக்கினார். அம்மா கோலியனூருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் முந்திரிக் கொட்டை உடைத்தாள்.

முந்திரிக் கொட்டை உடைக்கிறவர்களின் கையைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். வறுத்த கொட்டையை இடது கைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்துக் கல்லின்மேல் நிறுத்தி, வலது கையில் இருக்கும் கட்டையால் ஒரு தட்டு. பருப்பு உடையாமல் ஓடு மட்டும் பிளக்க வேண்டும். அந்த ஓட்டுக்குள் ஓர் எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்து, கறுத்து, தோல் உரியும். அதற்காகக் காலையில் உட்காரும்போதே பெண்கள் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு சட்டியில் அடுப்புச் சாம்பல் இருக்கும். பத்துக் கொட்டைக்கு ஒரு தடவை விரலைச் சாம்பலில் புரட்டி எடுப்பார்கள். அப்படியும் கை கறுப்புத்தான். கைநாட்டு வைக்கப் போனால் அம்மாவுக்கு ரேகை விழாது. காகிதத்தில் வெறும் மை வட்டம் மட்டும் இருக்கும்.

ஒரு நாள் அம்மா என்னைப் பார்க்கத் திண்டிவனம் வந்தாள். கேப்பை அடை சுட்டுத் துணியில் கட்டிக்கொண்டு வந்தாள். விடுதியில் என்னோடு இருந்த பெண்களுக்குத் தன் கையாலேயே பிய்த்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டார்கள். அம்மா போன பிறகு பார்த்தேன், ஜன்னல் கட்டையில் இரண்டு துண்டு அப்படியே இருந்தது. ஒருத்தி கேட்டாள்: "உங்கம்மா கைல இன்னா வியாதி?"

வியாதி இல்லை என்றேன். எப்படியாவது அந்தக் கையை மாற்றிவிட வேண்டும் என்று அன்றைக்கு நினைத்தேன். அம்மாவுக்கு வலிக்கிறதே என்று நினைத்தேனா, அந்த ஜன்னல் கட்டையை நினைத்தேனா என்று இப்போது கேட்டால் பதில் சொல்லச் சிரமமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் வந்தார். சாம்பிள் என்று சில காகித உறைகளை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு ஜோடி கிளவுஸ். வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசு. வெளிநாட்டில் இப்போது இதுதானாம், ஒரு தடவை போட்டுக்கொண்டு குப்பையில் எறிந்துவிடுவார்களாம். சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒரு தபா போட்டுட்டுத் தூக்கிப் போடறதா?"

"ஆமாம் சிஸ்டர். கழுவ வேண்டாம், ஒட்டுப் போட வேண்டாம்."

"அப்ப இந்தப் பொண்ணுங்களுக்கு நான் இன்னா வேல குடுப்பேன்?"

எல்லாரும் சிரித்தோம். உறையின் முதுகில் அச்சடித்திருந்த இங்கிலீஷை நான் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். கையைச் சுத்தமாகக் கழுவிக் காய வைத்துப் போட வேண்டும். கழற்றியதை மறுபடி போடக் கூடாது. அவர் போன பிறகு சிஸ்டர் ஒரு ஜோடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, எறிய மனசு வராமல் கழுவப் போட்டார். டிரம்மிலிருந்து எடுத்தபோது அது உருண்டை உருண்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. "சீமைக்காரனுக்குத்தான் இது" என்று மிச்சத்தை அலமாரியில் தள்ளிவிட்டார். எனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா என்று கேட்டேன். "எடுத்துக்கோ, எதுக்காச்சும் ஆவும்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விழுப்புரம் பஸ்ஸில் ஏறியபோது அந்த உறையை ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தேன்.

அம்மா முற்றத்தில் உட்கார்ந்து அந்த ரப்பரை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "பொணத்து கை மாதிரி கீதே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. நாளைக் காலையில் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொன்னேன். முதலில் சோப்பு, மூன்று தடவை. பிறகு துடைத்துக் காய வைப்பது.

"வெளக்கெண்ண தடவிக்கட்டுமா?"

"கூடவே கூடாது. எண்ணெ பட்டா ரப்பர் செத்துடும்."

"சாம்பல்?"

"சாம்பல் இன்னாத்துக்கு? இதத் தாண்டி உள்ள எதுவும் வராது. சீழே வராது."

"சரி."

"நடுவுல கழட்டக் கூடாது. ஒரு தபா போட்டா வேல முடியறவரைக்கும் கைலயே இருக்கணும்."

"வெத்தல போடறதுக்கு?"

"சாயங்காலம் போட்டுக்க."

"படுத்தறியே" என்றாள். ஆனால் அவள் முகத்தில் சந்தோஷம் இருந்தது. பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிட்டு உறையைக் காட்டினாள். நான் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் அத்தையிடம் திருப்பிச் சொன்னாள். அத்தை அம்மாவுக்குப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்து கொட்டை உடைக்கிறவள். நான் சாயங்கால பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினேன். விக்கிரவாண்டி தாண்டும் வரை என்னை நானே மெச்சிக்கொண்டு வந்தது ஞாபகம் இருக்கிறது.

வியாழக்கிழமை காலையில் வார்டு வாசலில் அத்தையின் குரல் கேட்டது. அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவின் இடது கை பழைய வேட்டித் துணிக்குள் இருந்தது. துணிக்கு வெளியே தெரிந்த மணிக்கட்டு வீங்கிப் பளபளத்தது. காய்ச்சல் கொதித்தது. அம்மாவைப் பெஞ்சில் படுக்க வைத்தேன். அத்தை நின்றுகொண்டே சொன்னாள்.

"திங்கக்கெழம ரப்பர் கையப் போட்டுக்கினு வந்து குந்துச்சு. டாக்டரம்மா வந்துட்டாங்க, எழுந்து நில்லுங்கடின்னு நாங்க ஒரே சிரிப்பு. முதல்ல நல்லாத்தான் இருந்திச்சு. பொழுது ஏறச்சொல்ல ரப்பரு பிசுபிசுன்னு ஆயிடுச்சு, வெரலோட வெரலு ஒட்டுது. உள்ள எரியுதுன்னுச்சு. கழட்டித் தொலையேன்னேன். எம்பொண்ணு கழட்டக் கூடாதுன்னு சொல்லிக்கீதுன்னு சொல்லிட்டு, மூஞ்சியச் சுளிச்சிக்கினே ஒடைக்குது."

"எத்தன மணிவரைக்கும்?"

"பொழுது சாயறவரைக்கும். அப்பால கழட்டினா, கட்ட புடிச்ச கை தப்பிச்சுது, கொட்ட புடிச்ச கைலதான் தோலும் சேந்து வந்துச்சு. நாந்தான் சாம்பல் வெச்சுக் கட்டினேன். ரெண்டு நாளா கொறையும் கொறையும்னு பாத்தோம்."

அத்தை சொல்லி முடிப்பதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் தடவும் எண்ணெயை நினைத்தேன். கொட்டைக்குள் இருக்கும் எண்ணெயை நினைக்கவில்லை. ரப்பரைச் சாகடிக்கிற எண்ணெய் அந்தக் கொட்டகையில் ஓடு உடைய உடைய ஒழுகிக்கொண்டிருந்தது. அது ரப்பரை இளக்கி உள்ளே போயிருக்கிறது. உள்ளே போனது வெளியே வர வழியில்லாமல், வியர்வையோடு சேர்ந்து நாள் முழுவதும் அங்கேயே நின்றிருக்கிறது. விளக்கெண்ணெயோ சாம்பலோ இருந்திருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருக்கும். இரண்டும் கூடாது என்று சொன்னவள் நான்.

டாக்டர் வந்து துணியைப் பிரித்தார். நான் கிளவுஸ் போட்டுக்கொண்டு பக்கத்தில் தட்டை ஏந்தி நின்றேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எது எங்கே என்று தெரியாமல் இருந்தன. சீழில் சாம்பல் கலந்து கறுப்பாக ஒழுகியது.

"இது என்ன, சாம்பலா?"

"ஆமாங்க" என்றாள் அம்மா.

"எத்தனை தடவை சொன்னாலும் இந்த ஜனங்களுக்குப் புரியாது. கண்டதையும் பூசிக்க வேண்டியது, அழுகினதும் இங்க ஓடி வர வேண்டியது. சாம்பல் பூசாம இருந்திருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்குமா?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "தப்புதாங்க" என்றாள். அத்தை வாயைத் திறந்தாள். அம்மா மற்றக் கையால் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். நான் சொல்லியிருக்கலாம். தட்டில் இருந்த கத்தரிக்கோல் தட்டோடு மோதிச் சத்தம் போட்டது. "கையை ஆட்டாம பிடி" என்றார் டாக்டர். ஆட்டாமல் பிடித்தேன்.

அன்று மத்தியானம் சிஸ்டரிடம் மட்டும் சொன்னேன். அவர் எழுந்து போய் வெளியே எட்டிப் பார்த்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"சொல்லாத. சாம்பிள் எப்படி வெளிய போச்சுன்னு கேட்டா பேஜாரு, உன் படிப்பும் போவும். சொன்னா மட்டும் அந்த வெரலு நல்லா ஆயிடுமா?"

ஆகாதுதான். நான் சொல்லவில்லை.

விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்று முதல் வாரம் பேச்சு இருந்தது. தினமும் காலையில் நான்தான் கட்டு மாற்றினேன். வேறு யாரையும் தொட விடவில்லை. கட்டைப் பிரிக்கும்போது அம்மா சுவரைப் பார்த்துக்கொள்வாள். ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, காய்ச்சல் இறங்கியிருந்த ஒரு காலையில், பக்கத்துப் படுக்கைக்காரி வெளியே போகும்வரை காத்திருந்துவிட்டு, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோச்சுக்காத."

"சொல்லு."

"நீ சொன்னபடி நான் செய்யல. நடுவுல ஒரு தபா கழட்டிட்டேன். தொண்ட காஞ்சிடுச்சு, சொம்ப அந்தக் கையோட தொட மனசு வரல. கழட்டி வெச்சிட்டு ரெண்டு மடக்கு குடிச்சிட்டு மறுபடியும் போட்டுக்கினேன். அதான் இப்பிடி ஆயிப்போச்சு."

கட்டுத் துணியைக் கீழே வைத்தேன். அதனால் இல்லை அம்மா, என்றேன். அந்த ரப்பருக்கு அந்த எண்ணெய் ஆகாது, எனக்குத் தெரியாமல் போய்விட்டது, நீ கழற்றி எறிந்திருந்தால் நன்றாக இருந்திருப்பாய் என்றேன். எண்ணெய் எப்படி உள்ளே வந்தது என்று என் கையில் இருந்த கிளவுஸையே இழுத்துக் காட்டி விளக்கினேன். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"உனுக்குத் தெரியாமயா?" என்றாள். பிறகு, "நான் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொல்ற" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நாட்களில் கிளவுஸ் போட்டவர்கள் யாரைப் பார்த்தாலும் நிறுத்திக் கேட்க ஆரம்பித்தேன். ஆஸ்பத்திரிக்கு ஃபியூஸ் போட வந்த லைன்மேன் இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு ஜோடி தொங்கவிட்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன், லாரி டியூப் மாதிரி இருந்தது. கொட்டை உடைக்க ஆகுமா என்றேன். "இதப் போட்டுக்கினு என்னால பீடிகூடப் பத்த வைக்க முடியாதும்மா, கொட்டைய எங்க புடிக்கறது" என்றார். ஸ்டேஷன் ரோட்டில் வெல்டிங் பட்டறைக்காரர் தோல் கிளவுஸ் வைத்திருந்தார். தீப்பொறிக்குத் தாங்கும், எண்ணெய் பட்டால் ஊறிப்போய்விடும் என்றார். வீடு வீடாகக் கொசு மருந்து அடிக்க வந்தவர்களிடம் கேட்டேன். அவர்களுக்குக் கொடுத்திருந்தது துணி. மரக்காணம் உப்பளத்திலிருந்து வந்து வார்டில் படுத்திருந்த ஒரு பெண் நான் கேட்பதைப் பார்த்துவிட்டுத் தன் கையை நீட்டிக் காட்டினாள். எல்லா விரலிலும் வெடிப்பு. "எங்களுக்கு இருந்தாலும் சொல்லும்மா" என்றாள். கரண்டுக்கு ஒன்று, நெருப்புக்கு ஒன்று, சீழுக்கு ஒன்று என்று யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். கொட்டை உடைக்கிற பெண்களுக்காக யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. எங்கேயாவது இருந்திருக்கலாம். என் இங்கிலீஷுக்கு அது எட்டவில்லை.

விரல்களை எடுக்கவில்லை. புண் ஆறியது, ஆனால் இரண்டு விரலும் மடங்கவில்லை. வெந்நீரில் வைத்து நான் நீவிவிட்டேன். பஞ்சை எடுக்கச் சொன்னேன், வந்தது. புளியங்கொட்டையை எடுக்கச் சொன்னேன், மூன்று தடவையில் ஒரு தடவை வந்தது. ஒரு முந்திரிக் கொட்டையைக் கொண்டுவந்து கொடுத்தேன். கட்டைவிரல் ஒரு பக்கம் நின்றது, ஆள்காட்டி விரல் ஒரு பக்கம் நின்றது, கொட்டை நடுவில் விழுந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போயிற்று. அம்மா சிரிக்கப் பார்த்தாள். நான் குனிந்து தேடுகிற மாதிரி வெகு நேரம் கட்டிலுக்கு அடியிலேயே இருந்தேன்.

கொட்டகைக்கு அம்மா திரும்பிப் போன அன்று நான் விடுப்புப் போட்டுக்கொண்டு கூடப் போனேன். மேஸ்திரி நல்ல மனுஷர். உடைக்கிற வரிசையில் இனி உட்கார வைக்க முடியாது என்றார். பருப்பு பொறுக்கும் இடத்தில், பெரியது வேறு, உடைந்தது வேறு என்று வலது கையால் பிரிக்கும் வேலையைக் கொடுத்தார். பத்து வயசுப் பெண்கள் செய்கிற வேலை அது. அவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மா இடது கையை மடியில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அத்தை தன் கல்லிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். விரலைச் சாம்பலில் புரட்டிக்கொண்டே கேட்டாள்.

"அடுத்த தபா வரச்சொல்ல எனக்கும் ஒரு ஜோடி எடுத்தா."

"எது?"

"ரப்பர் கைதான்."

நான் சரியாகக் கேட்டேனா என்று சந்தேகம் வந்தது. "அத்தை, நீதான கூட இருந்த. அந்தக் கைய நீதான பாத்த."

"அப்பத் தெரியல. உங்கம்மா பொறவுதான் சொல்லிச்சு, நடுவுல கழட்டிட்டேன்னு. நான் கழட்ட மாட்டேன். ஒரு நாளு பூரா வாயக் கட்டிக்கினு குந்திக்கினு இருப்பேன்."

"எனக்கும்" என்றாள் அடுத்த கல்லில் இருந்தவள். அதற்கு அடுத்தவளும் தலை நிமிர்ந்தாள். "சின்னக் கை எனக்கு. அளவு இருக்குதா?"

நான் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். கழற்றியதால் ஆனதில்லை, அந்த ரப்பர்தான் கையைத் தின்றது, நான் தெரியாமல் கொடுத்துவிட்டேன், போட்டால் உங்களுக்கும் அதேதான் ஆகும் என்று சொன்னேன். கட்டைகளின் சத்தம் கொஞ்ச நேரம் நின்றது. எனக்கு நம்பிக்கை வந்தது.

அத்தை மெதுவாகச் சொன்னாள். "தர முடியாதுன்னா தர முடியாதுன்னு சொல்லிடு. அதுக்கு எதுக்கு உன்னையே கொற சொல்லிக்கினு."

"படிச்சதுங்க அப்பிடித்தான்" என்றாள் சின்னக் கைக்காரி. "தன் அம்மாவுக்குன்னா வரும்."

பொறுக்கும் இடத்திலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அது அப்பிடிப்பட்ட பொண்ணு இல்ல. கொண்டாரும். நல்ல பொருளு, கெடைக்கறதுதான் கஷ்டம். நான் சொல்றேன், கண்ணு, அத்தைக்கு ஒண்ணு பாத்து எடுத்தா." வலது கையில் எடுத்த ஒரு முழுப் பருப்பைத் தட்டில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த சிறுமிகளிடம் நான் யார் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

கட்டைகள் மறுபடி விழத் தொடங்கின. சத்தத்துக்கு மேலே நான் இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன். யாரும் நிமிரவில்லை.